பதறினால் பரீட்சை இல்லை

திடீரென்று அபாயச் சங்கு அலறியது.

தாவரவியல் முதல் வருஷத்தின் முதல் வகுப்பு. பேராசிரியர் அப்போதுதான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, "இலை என்பது..." என்று ஆரம்பித்திருந்தார். இலை என்பது என்ன என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாமலே போய்விட்டது.

சிணுங்கி பெஞ்சுக்கு அடியில் இருந்தாள். எப்படிப் போனாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. முதலில் உடம்பு போயிற்று. மனசு கொஞ்சம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. வந்து பார்த்தால், வகுப்பில் பாதி அங்கேதான் இருந்தது. மேலே இருந்ததைவிடக் கீழே கூட்டம் அதிகம்.

அவளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் தொட்டாச்சிணுங்கி. நாளடைவில் 'தொட்டா' தேய்ந்து சிணுங்கி மிஞ்சியது. வாசல் மணி அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போடுவாள். கீழே போட்ட சத்தத்தில் இன்னொரு தடவை பதறுவாள். அந்தச் செடியின் இலை தொட்டதும் ஏன் மடிகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் தாவரவியலில் சேர்ந்தாள். தன்னைப் போலவே ஒரு ஜீவன் இருக்கிறது, அதை யாரும் திட்டுவதில்லை, பாடமாகவே வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

சங்கு நின்றது. கதவு திறந்தது. வான நீலக் கோட்டு போட்ட இரண்டு பேர் உள்ளே வந்து, தரையில் மண்டியிட்டு, பெஞ்சுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள்.

"நெருப்பா சார்?" என்று சிணுங்கி கேட்டாள்.

"நெருப்பெல்லாம் இல்லம்மா. யார் யார் பதறுறீங்கன்னு பார்க்கறதுக்காக ஊதினோம். வெளிய வாங்க, மெதுவா."

"சங்கு ஊதினா பதறாம என்ன சார் பண்றது?"

நீலக் கோட்டு இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "கேள்வி கேட்குது," என்றது ஒன்று, இரக்கத்தோடு.

கீழே இருந்தவர்களை வரிசையாக அழைத்துப் போனார்கள். பேராசிரியர் கையில் சாக்பீஸோடு வாசல்வரை வந்து, "அந்தப் பொண்ணு இப்பதானேங்க வந்து உட்கார்ந்துச்சு," என்றார். அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. முப்பது வருஷமாகக் கேட்டதில்லை என்பதால் அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

'புதுமுக மாணவர் மன இணக்கப் புலம்' பல்கலைக்கழகத்திலேயே பெரிய கட்டடத்தில் இருந்தது. பளிங்குத் தரை, தானே திறந்துகொள்ளும் கதவு. முன்பு அது நூலகம். அலமாரிகளின் உயரத்தைப் பார்த்துச் சில மாணவர்கள் மலைத்துப் போனதாக ஓர் ஆய்வு சொன்னது. உடனே புத்தகங்களை வேறு எங்கேயோ மாற்றிவிட்டார்கள். எங்கே என்று அறிவித்தால் மாணவர்கள் தேட ஆரம்பிப்பார்கள், தேடினால் பதற்றம் வரும் என்பதால் அறிவிக்கவில்லை.

மூத்த இணக்க அலுவலரின் அறையில் நாற்காலி மெத்துமெத்தென்று இருந்தது. உட்கார்ந்தவுடன் முழங்கால் மூக்கு உயரத்துக்கு வந்தது. அலுவலர் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். காதோரம் நரை. குரலைப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்.

"பதற்றமா இருக்காம்மா?"

"இல்ல மேடம்."

அலுவலர் அம்மா பக்கத்திலிருந்த உதவியாளரிடம் திரும்பினார். "மறுக்கிறா. முதல் அறிகுறி."

"ஐயோ, கொஞ்சம் இருக்கு மேடம்."

"ஒத்துக்கிறா. ரெண்டாவது அறிகுறி."

சிணுங்கி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"பேச மாட்டேங்கிறா. முத்திப் போச்சு."

"மேடம், எனக்குக் கிளாஸ் நடக்குது. நான் போகட்டுமா?"

"எங்க இருக்கும்போது பதறின?"

"சங்கு ஊதும்போது மேடம்."

"சங்கு எல்லா இடத்துலயும்தான் ஊதுச்சு. நீ எங்க இருந்த?"

"கிளாஸ்ல."

"பார்த்தியா! எது உன்னைப் பதற வச்சதோ, அங்கேயே திரும்ப அனுப்புவோமா? நாங்க என்ன கல்நெஞ்சக்காரங்களா?"

பிறகு விஷயத்தை விளக்கினார். இணக்கத்துக்கு நாலு படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு பேட்ஜ். நாலாம் படி பேட்ஜ் சட்டையில் இருந்தால்தான் வகுப்புக்குள் விடுவார்கள். அது இல்லையென்றால் வருஷக் கடைசிச் செய்முறைத் தேர்வும் கிடையாது. செய்முறைத் தேர்வு எழுதாவிட்டால்?

"மறுபடியும் முதல் வருஷம்தாம்மா. அதுக்கெல்லாம் பதறலாமா?" என்றார் அலுவலர் அம்மா, பஞ்சுக் குரலில்.

சிணுங்கிக்குக் கை நடுங்கியது. உதவியாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

*

விடுதியில் அவளோடு அறையைப் பங்கிட்டுக்கொண்டவள் கணிதத் துறை. கும்பகர்ணி என்று பெயர் வாங்கியிருந்தாள். சங்கு ஊதிய நேரத்தில் அவள் தன் வகுப்பில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அசையவே இல்லை. அதைப் பார்த்து அசந்துபோன நீலக் கோட்டுகள், ஒரே நாளில் நாலு பேட்ஜையும் அவளுக்குக் குத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

"எப்படிடி?" என்று சிணுங்கி ஏக்கத்தோடு கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? எழுந்திரிச்சா சட்டையில பேட்ஜ் இருக்கு. எல்லாரும் கை தட்டறாங்க. கைதட்டல்லதான் முழிச்சேன்."

சிணுங்கி அரும்பாடுபட்டுப் படி ஏறினாள். முதல் படி, சிரிப்பு. பல் முழுக்கத் தெரிந்தால் பதற்றம். பல்லே தெரியாவிட்டால் ஏளனம். மேல்பல் மட்டும் தெரிய வேண்டும். பயிற்சியாளர் ஒருவர் கையில் அடிக்குச்சியோடு வரிசையாக வந்து உதட்டை அளந்தார். "இன்னும் கொஞ்சம் இறக்கு... போதும், அப்படியே வச்சுக்கோ. இதுதான் நீ உண்மையா சந்தோஷமா இருக்கற முகம். ஞாபகம் வச்சுக்கோ." அந்த முகத்தோடு அவள் தெருவில் நடந்தபோது ஒரு நாய் வழிவிட்டு ஒதுங்கிப் போயிற்று.

இரண்டாம் படி, சும்மா இருத்தல். கூடத்தில் பாய் விரித்து வரிசையாக உட்கார வைத்தார்கள். காலையிலிருந்து மதியம்வரை எதுவும் செய்யக் கூடாது. பக்கத்துப் பாயில் ஒரு பையன் மூக்கைச் சொறிந்துவிட்டான்.

"என்ன பண்ணின?"

"மூக்கு அரிச்சுது சார்."

"அரிச்சது மூக்கு. சொறிஞ்சது யாரு? அது செயல். போ, முதல் படிக்கு."

பையன் எழுந்து போனான். போகும்போது மேல்பல் மட்டும் தெரியச் சிரித்துக்கொண்டே போனான். அந்தப் படி அவனுக்கு மனப்பாடம்.

மூன்றாம் படியில் சிணுங்கிக்கு ஒரு நண்பனைக் கொடுத்தார்கள். புதுமுக மாணவருக்குத் தனிமை ஆகாது என்பதால் ஆளுக்கு ஒரு நண்பரைப் பல்கலைக்கழகமே நியமித்தது. அவளுக்கு வந்தவன் ஒல்லியாக, உயரமாக, கழுத்தில் 'நண்பன்' என்று எழுதிய அட்டையோடு வந்தான். கேன்டீன் மேஜையில் எதிரே உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி நடுவில் வைத்தான்.

"மனசுல என்ன இருக்கு? தயங்காம சொல்லு. நான் உன் நண்பன்."

"எனக்கு கிளாஸுக்குப் போகணும். இலை வெட்டிப் பார்க்கணும். எல்லாரும் படிக்கறாங்க, நான் இங்க சிரிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன். பயமா இருக்கு."

"அப்புறம்?"

"அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. தினமும் போன் பண்ணி..." என்று சிணுங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நண்பன் கடிகாரத்தைப் பார்த்தான். "நாலு மணி. வர்ற வாரம் அம்மாவிலேருந்து ஆரம்பிக்கலாம்."

"ஒரு நிமிஷம் இருக்க மாட்டியா?"

"நாலு மணிக்கு மேல பேசினா அத்துமீறல். நான் இன்னும் ஏழு பேருக்கு நண்பனா இருக்கணும்," என்று எழுந்தவன், குரலைத் தாழ்த்தி, "நானும் வேதியியல்தான் படிக்க வந்தேன்," என்றான். உடனே வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டான்.

*

வீட்டிலிருந்து போன் வந்தது. அம்மா தையல் கடையில் இருந்தாள்; பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். குடும்பத்தில் எவர் பேச்சுக்கும் நடுவில் கை விட்டுப் பார்ப்பான்.

"பாப்பா, சாப்பிட்டியா? என்னம்மா படிச்ச இன்னைக்கு?"

"சும்மா இருந்தேம்மா."

"சும்மாவா? லீவா?"

"இல்லம்மா. சும்மா இருக்கறதுதான் பாடம். நான்தான் ஃபர்ஸ்ட்டு."

மிஷின் நின்றது.

"இதை வீட்லயே நல்லாப் பண்ணிட்டிருந்தாளே," என்றான் அண்ணன். "இதுக்கா பெட்டி கட்டி அனுப்பினோம்?"

"நீ வாயை மூடுடா. பாப்பா, அந்தத் தொட்டாச்சிணுங்கி இலை ஏன் மூடிக்குதுன்னு சொல்லிட்டாங்களா? எதிர்வீட்டு டீச்சர்கிட்ட நீ வந்து சொல்லுவேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"இன்னும் இல்லம்மா. மூணு படி முடிச்சிட்டேன். நாலாவது வந்துட்டா கிளாஸுக்கு விட்டுடுவாங்க."

"எந்த மாடியில இருக்கு கிளாஸு? நாலு படி ஏறறதுக்கு இத்தனை மாசமா?" என்றான் அண்ணன்.

சிணுங்கி போனை வைத்தாள். பிறகு எழுந்து கதவைத் தாழ் போட்டாள்.

வகுப்புக்குத்தான் விடவில்லை; பாடத்தையாவது தானே படித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். செய்முறைத் தேர்வில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு தண்டைக் கொடுத்து, குறுக்கே மெல்லிசாகச் சீவச் சொல்வார்கள். சீவியது கண்ணாடி போல இருக்க வேண்டும். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே இருக்கிற அறையெல்லாம் தெரிய வேண்டும். தடியாகச் சீவினால் ஒன்றும் தெரியாது, இருட்டுதான்.

கும்பகர்ணி சமையலறையிலிருந்து கேரட் கொண்டுவந்தாள். கேரட்டை நடுவில் கீறி, அதற்குள் தண்டைச் செருகிப் பிடித்துக்கொண்டு, பிளேடைத் தண்ணீரில் நனைத்து, தன் பக்கமாக ஒரே இழுப்பு. முதல் நாள் வந்ததெல்லாம் சாம்பாருக்குத்தான் ஆகும். கும்பகர்ணி அத்தனையையும் தின்று தீர்த்தாள். பத்து நாளில் கேரட் சீவல்கள் மெலிந்து மெலிந்து, கும்பகர்ணிக்குப் பசி அடங்காமல் போயிற்று.

"இதென்னடி, வாயில போட்டா இருக்கறதே தெரியல!"

ஒரு விஷயத்தைச் சிணுங்கி கவனித்தாள். வாசல் மணிக்கு நடுங்குகிற கை, பிளேடைப் பிடித்ததும் நடுங்குவதில்லை. பக்கத்து அறையில் யாரோ பக்கெட்டைப் போட்டு உடைத்தபோதுகூடக் கை அசையவில்லை. சீவி முடித்த பிறகுதான் பதறினாள்.

மறுநாளே அறைச் சோதனை வந்தது. அலுவலர் அம்மாவே நேரில் வந்தார். மெத்தைக்கு அடியில் பாடப் புத்தகம் அகப்பட்டது.

"படிச்சியா?" என்றார், பஞ்சு கொஞ்சம் விலகிய குரலில்.

"கொஞ்சம்தான் மேடம்."

"பரீட்சைக்காகப் படிச்சியா, சும்மா படிச்சியா?"

"பரீட்சைக்காகத்தான்."

"அப்போ பயம் இருக்கு. பயம் இல்லாதவ எதுக்குப் படிக்கப்போறா? இங்க பாரு, உன் தோழியை," என்று கட்டிலைக் காட்டினார். கும்பகர்ணி குறட்டை விட்டாள். "என்ன ஒரு தெளிவு!"

ஜன்னல் விளிம்பில் தட்டில் மிதந்த சீவல் ஒன்றை அலுவலர் அம்மா விரல் நுனியில் எடுத்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். எதற்கோ நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். உதவியாளர் இருமிய பிறகு, "பறிமுதல்," என்று சொல்லி அதைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார்.

புத்தகம் போயிற்று. ஆனாலும் மூன்றாம் படி பேட்ஜைப் பிடுங்கவில்லை. ஏன் என்று உதவியாளருக்கும் புரியவில்லை.

*

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் 'பதற்ற ஒழிப்பு மாநாடு' நடந்தது. நாலாம் படி முடிக்கிறவர்களுக்கு அன்று மேடையில் பேட்ஜ். சிணுங்கியின் பெயர் அதில் இருந்தது. சங்கு ஊதும்போது சிரித்த முகத்தோடு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, முதல் வரிசையில், மேல்பல் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முன்மாதிரி மாணவி கும்பகர்ணி, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள்.

மேடையில் இரண்டடி உயர மெழுகுவர்த்தி எரிந்தது. அதன் பெயர் அமைதிச் சுடர். அதற்குப் பின்னால் 'பதறாதீர்' என்று எழுதிய துணி தொங்கியது. இணக்கப் புலத்தின் இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"மாணவச் செல்வங்களே! இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தப் பல்கலைக்கழகத்தின் நிலை என்ன? தேர்வு வந்தால் மாணவர் முகத்தில் கவலை. கையில் புத்தகம். விடிய விடிய விளக்கு. காணச் சகிக்குமா? இன்று? கடந்த ஆண்டு முதல் வருஷத் தேர்வில் தோற்றவர் ஒருவர் உண்டா என்று கேட்கிறேன். ஒருவர்கூட இல்லை! தேர்வு எழுதியவரும் இல்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். குறை சொல்கிறவர்கள் பதற்றக்காரர்கள்."

கைதட்டல். மேல்பற்கள் பளபளத்தன.

"ஒரு பேராசிரியர் என்னிடம் வந்து, வகுப்பில் ஆளே இல்லை என்றார். நான் சொன்னேன்: ஆளே இல்லாத வகுப்பில் பதற்றமும் இல்லை. உலகிலேயே அமைதியான வகுப்பு உங்களுடையது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது."

சிணுங்கி பார்த்துக்கொண்டே இருந்தாள். மின்விசிறிக் காற்றில் பின்னால் தொங்கிய துணி மெல்ல ஆடிவந்து சுடரைத் தொட்டது. 'பதறாதீர்' என்பதில் கடைசி எழுத்துப் பற்றிக்கொண்டது.

அவள் சுற்றிலும் பார்த்தாள். அரங்கம் நிறையச் சிரித்த முகங்கள். எல்லோரும் நெருப்பைப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. நாலாம் படிக்காரர்கள், பழக்கம் அப்படி. இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தால் அவளுக்கும் பேட்ஜ். நாளைக்கு மைக்ராஸ்கோப். எதிர்வீட்டு டீச்சருக்குப் பதில். வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு.

"எனக்குப் பின்னால் ஒரு ஒளி தெரிகிறது என்பதை உங்கள் முகங்களிலிருந்து உணர்கிறேன்," என்றார் இயக்குநர். "அது நம் சாதனையின் ஒளி."

துணி பாதி எரிந்திருந்தது. இயக்குநரின் கோட்டு வாலில் ஒரு பொறி விழுந்தது.

"ஐயோ, நெருப்பு! சார், பின்னாடி பாருங்க! எழுந்திரிங்க எல்லாரும்!"

கத்தியது சிணுங்கிதான். கத்தியதோடு நில்லாமல் மேடையில் ஏறி, சிறப்பு விருந்தினர்களுக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பானையைத் தூக்கி இயக்குநர் மீதும் துணி மீதும் ஒரே வீச்சாக ஊற்றினாள். நெருப்பு அணைந்தது. இயக்குநர் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, மேல்பல் மட்டும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். பதவியின் பயிற்சி!

"கூட்டத்தில் ஒருவருக்குப் பதற்றம் மிச்சமிருக்கிறது," என்று மைக்கில் சொன்னார். "அரங்கமே அனுதாபப்படுவோம்."

அரங்கம் அனுதாபப்பட்டது.

*

மறுநாள் காலை அவளை அலுவலர் அம்மாவின் அறைக்கு அழைத்துவந்து மெத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூன்று பேட்ஜும் மேஜைமேல் கிடந்தன.

"மறுபடியும் முதல் படி," என்றார் அலுவலர் அம்மா. முகம் வெளுத்திருந்தது. "ஏம்மா இப்படிப் பண்ணின? எல்லாரும் எவ்வளவு அமைதியா இருந்தாங்க!"

"எல்லாரும் வெந்து போயிருப்பாங்க மேடம்."

"அமைதியா வெந்திருப்பாங்க." சொல்லிவிட்டு அலுவலர் அம்மாவே கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையை உதறிக்கொண்டார். "நான் சொல்றதைக் கேளு. நாலாம் படி எல்லாருக்கும் வராது. வராதவங்களை நாம தெருவுல விடறதில்ல. இங்கயே உதவியாளர் வேலை இருக்கு. நீலக் கோட்டு தருவாங்க. நல்ல நாற்காலி. வருஷம் போறதே தெரியாது."

"இன்னைக்குப் பரீட்சை மேடம். இந்நேரம் ஆரம்பிச்சிருக்கும்."

"அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

"அடுத்த வருஷமும் சங்கு ஊதுவீங்க. நான் அடுத்த வருஷமும் பதறுவேன். எனக்கு அது போகாது மேடம், பிறவியிலேயே வந்தது." சிணுங்கியின் உதடு துடித்தது, கை நடுங்கியது, கண்ணில் தண்ணீர் நின்றது. அப்படியே எழுந்து நின்றாள். "பதறிக்கிட்டே போய் எழுதிட்டு வந்துடறேன்."

இப்படி ஒரு வழி இருப்பதாக இணக்கப் புலத்தின் எந்த விதியிலும் இல்லை. அலுவலர் அம்மா திகைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தானே திறந்துகொள்ளும் கதவு இவளுக்கும் திறந்துகொண்டது.

"நில்லு! ஏய், நில்லும்மா! பிடிங்க அவளை!"

வராந்தாவில் இருந்த நீலக் கோட்டுகள் நாலாம் படி தேறியவர்கள். யாரும் பதறி ஓடவில்லை. புன்னகையோடு வழிவிட்டார்கள். அதனால் துரத்துகிற வேலை அலுவலர் அம்மாவின் தலையிலேயே விழுந்தது. சிணுங்கி முன்னால், அலுவலர் அம்மா பின்னால். மைதானத்தைத் தாண்டி, சைக்கிள் கொட்டகையைத் தாண்டி, பழைய அறிவியல் கட்டடத்தின் படிக்கட்டில் இறங்கினார்கள். வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. யாருடையது என்று திரும்பிப் பார்க்க இருவருக்கும் நேரமில்லை.

படிக்கட்டுக்கு அடியில் இருந்தது தாவரவியல் ஆய்வகம். பேராசிரியர் முப்பது மைக்ராஸ்கோப்பையும் துடைத்து, முப்பது இடத்திலும் கண்ணாடித் தட்டு, பிளேடு, கேரட், தூரிகை, சிவப்புச் சாயம் எல்லாம் வைத்துவிட்டு, நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்டூலிலும் ஆள் இல்லை; பேட்ஜ் வாங்கியவர்களுக்குப் பரீட்சைக்கு வர வேண்டும் என்ற பதற்றமே இல்லை. கதவு தடாலென்று திறந்ததும் அவர் திடுக்கிட்டு எழுந்தார். மேஜைமேல் இருந்த குடுவை உருண்டது.

"யாரும்மா நீ?"

"நான் முதல் நாள் பெஞ்சுக்கு அடியில போனவ சார். பரீட்சை எழுத வந்தேன். ஆனா எங்கிட்ட பேட்ஜ் இல்ல."

"பேட்ஜா?" என்று பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எனக்கே கிடையாதே! நான் ரெண்டாம் படியிலயே தோத்துட்டேன். கொட்டாவி விட்டேன்னு அனுப்பிட்டாங்க. உட்காரு, உட்காரு, எங்க வேணா உட்காரு. இடத்துக்கா பஞ்சம்?"

அவள் உட்கார்ந்தாள். ஒரு தண்டை எடுத்துக் கொடுத்தார். கேரட்டைக் கீறினாள், தண்டைச் செருகினாள், பிளேடை நனைத்தாள். உடம்பெல்லாம் உதறிக்கொண்டிருந்தது. பிளேடு தண்டைத் தொட்டதும் கை மட்டும் நின்றுவிட்டது. ஒரே இழுப்பு. சீவல் தண்ணீரில் மிதந்தது. கண்ணாடியா, தண்ணீரா என்று தெரியவில்லை. பேராசிரியர் குனிந்து பார்த்துவிட்டுக் கர்ச்சீப்பால் மூக்கைச் சிந்தினார்.

அப்போதுதான் வாசலில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. அலுவலர் அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூந்தல் அவிழ்ந்திருந்தது, நீலக் கோட்டில் ஒரு பொத்தான் காணோம். சிணுங்கி பிளேடைக் கீழே வைத்தாள். கை மறுபடி நடுங்கத் தொடங்கியது.

"நீங்க யாரும்மா?" என்றார் பேராசிரியர், சிணுங்கிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு. "இவளைக் கூட்டிட்டுப் போகவா வந்தீங்க? அதெல்லாம் முடியாது. இது பரீட்சை ஹால். இங்க மாணவர்களைத் தவிர வேற யாருக்கும் அனுமதி இல்ல."

அலுவலர் அம்மா வரிசையாக வைத்திருந்த மைக்ராஸ்கோப்புகளைப் பார்த்தார். தண்ணீரில் மிதந்த சீவலைப் பார்த்தார். மெதுவாக நீலக் கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, கடைசி வரிசையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நானும் தாவரவியல் முதல் வருஷம்தான், சார். வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."